ஆறாவது ரிமோட்

மூன்று வாரமாக என் தம்பி வீட்டு கேட் தானாகத் திறந்துகொண்டிருந்தது. ஒருநாள் விட்டாலும் மறுநாள் திறந்துவிடும். திறக்கிற நாளில் மாலை ஆறு பத்தை ஒட்டித்தான் திறக்கும். பன்னிரண்டு அடி நீள இரும்புக் கேட், தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடுகிற வகை. மோட்டார் உறுமும், தூண் மேலிருக்கும் மஞ்சள் விளக்கு சிமிட்டும், கேட் நகர்ந்து சுவரோரம் போய் நிற்கும். வாசலில் ஆளும் இருக்காது, வண்டியும் இருக்காது. நாற்பது விநாடி அப்படியே கிடந்துவிட்டு வந்த வழியே போய் மூடிக்கொள்ளும்.

நாற்பது விநாடி ஒரு நாய்க்குப் போதும். ஆறவைத்திருந்த பன் தட்டு ஒன்று ஒருநாள் அப்படிப் போயிற்று. தெருவின் வாய்க்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

"என்ன ஐயா, உங்க தம்பி வீட்டு கேட் ஆளே இல்லாம வாங்க வாங்கன்னு கூப்பிடுதாமே?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"மிஷினுன்னா பழுதாகும். உங்க மிஷின் பழுதானதில்லையா?"

"என் மிஷின் பழுதானா நிக்கும். இது ஓடுதே!"

நான் நடையைக் கட்டினேன். அவர் எதைக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

தம்பி ரொட்டி சுடுகிற தொழில் செய்பவன். வீடும் பேக்கரியும் ஒரே சுற்றுச்சுவருக்குள். வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் அடுப்புக் கொட்டகை, நடுவில் வண்டி திரும்புகிற அளவுக்குச் சிமெண்ட் முற்றம். பகலெல்லாம் மாவு வண்டியும் சரக்கு வேனும் வந்து போவதால் கேட்டைத் திறந்தபடி நிறுத்தியிருப்பார்கள். ஐந்து மணிக்கு மூடினால், அதன்பிறகு ரிமோட் வைத்திருப்பவர்தான் உள்ளே வரலாம். நான் பின்தெருவில் இருப்பவன். மனைவி போனபிறகு மாலைத் தேநீர் எனக்கு அங்கேதான். அதனால் எனக்கும் ஒரு ரிமோட் கொடுத்திருந்தார்கள்.

அவனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் அப்பாவோடு அடுப்பைப் பார்க்கிறான். அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்துவிட்டாள். சின்னவள்தான் சரக்கு வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் எந்தக் கடைக்கு எத்தனை ரொட்டி என்பதைத் தாளில் பார்க்காமல் சொல்லுவாள். பதினோரு மாதத்துக்கு முன்னால், அவளுக்குக் கல்யாணம் பேசி, இரண்டு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில், நிச்சயத் தட்டில் கை வைக்கப்போகும் நேரத்தில் எழுந்து நின்று, "எனக்கு வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. வேண்டாம், அவ்வளவே. வந்தவர்கள் கை நனைக்காமலே எழுந்து போனார்கள். எங்கள் குடும்பத்துக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு பேர் உண்டு. கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கமாட்டார்கள் என்கிற பேர். அது அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் தரையில் விழுந்தது.

அன்று மாலை அவள் பையோடு முற்றத்தில் நின்றபோது தம்பி சொன்னான்: "இந்தக் கேட்டை இனி உனக்கு நான் தொறக்க மாட்டேன்."

"சரியாச் சொன்னே" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

இப்போது புரியும், கேட் தானாகத் திறப்பது ஏன் வெறும் பழுதாக இருக்கமுடியாது என்று. ஆறு பத்து என்பது சின்னவள் கடைசி நடை முடித்து வேனோடு திரும்புகிற நேரம். அவள் போகும்போது வேன் சாவியை மட்டும்தான் மாவு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ரிமோட்டை யாரும் பார்க்கவில்லை. ஆகவே அவள் தெருவழியாகப் போகிறாள், போகிற போக்கில் பட்டனை அமுக்குகிறாள், உள்ளே வராமல் போய்விடுகிறாள். வீட்டில் எல்லோரும் இதையே நினைத்தார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. தம்பி மட்டும், கூடத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் போட்டுக்கொண்டான். காற்று வருகிறதாம். அந்த ஜன்னலில் காற்று வந்து நான் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு அவன் கணக்கு நோட்டைப் பிரிப்பான். ஆறேகால் வரை ஒரு பக்கமும் திரும்பாது.

கடைசியில் அவனே கேட் மெக்கானிக்கை வரச்சொன்னான்.

அது வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை வருவதும் வராததுமாக வானம் இழுத்துக்கொண்டிருந்தது. இந்தப் புழுக்கத்தில் பிசைந்த மாவு சொன்ன பேச்சைக் கேட்காது. அரைமணியில் பொங்கி அச்சைவிட்டு வெளியே வரும். மகன் அடுப்புக்கும் மேஜைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். மருமகள் ஈரத்துணிகளை மாற்றி மாற்றி மாவின்மேல் போட்டாள். யாருக்கும் ஓர் இடத்தில் நிலைகொள்ளவில்லை.

மெக்கானிக் நாற்பது வயதிருக்கும் ஆள். ஒரு கம்பி ஒடிந்த குடையோடு வந்தார். வந்ததும் மோட்டார் மூடியைக் கழற்றி, சாவி போட்டுப் பல்சக்கரத்தை விடுவித்து, கேட்டைக் கையாலேயே ஒருமுறை தள்ளிப்பார்த்தார். தண்டவாளத்தில் ஒட்டியிருந்த மாவுக்கட்டியை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார்.

"பேக்கரி கேட்டுன்னு சொல்லாமலே தெரியுதுங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா தண்டவாளத்துலயே ரொட்டி சுடலாம்."

"வந்த வேலையப் பாருப்பா" என்றான் தம்பி.

"பாத்துட்டேன். மோட்டார் நல்லாருக்கு. போர்டு நல்லாருக்கு." தூண்களில் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இருந்த இரண்டு கறுப்புக் கண்களைத் துணியால் துடைத்தார். கேட்டை மூடவிட்டு, நடுவில் குடையை நீட்டினார். ஓடிவந்த கேட் நின்று பின்வாங்கியது. "கண்ணும் நல்லாருக்கு. இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆளு நின்னா, விடிய விடிய நின்னாலும் கேட் மூடாது. பழுதுன்னு ஒண்ணுமே இல்லைங்க."

"அப்புறம் ஏன் தொறக்குது?"

"யாரோ அமுக்குறாங்க, தொறக்குது. இதுல என்ன அதிசயம்?" போர்டில் ஒரு சின்னப் பட்டனைத் தொட்டார். சிவப்பு விளக்கு மினுக்கியது. அவர் வாய்விட்டு எண்ணினார். "ஆறு. ஆறு ரிமோட் ஏத்தியிருக்கு. வீட்டுல எத்தனை இருக்கு?"

தம்பியுடையது, மகனுடையது, மருமகளுடையது, வேனில் இருப்பது, என்னுடையது. கவிழ்த்துப்போட்ட ஒரு ரொட்டித் தட்டின்மேல் ஐந்தும் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

"இன்னொண்ணு?"

தம்பி மனைவி ஒரு கூடை அச்சுகளைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அதை மட்டும் அழிச்சிடு" என்றான் தம்பி.

"கையில இல்லாததை மட்டும் தனியா அழிக்க முடியாதுங்க. இந்தப் போர்டு அப்படி. இந்தப் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிச்சா மொத்தமும் போயிடும். அப்புறம் ஒவ்வொண்ணா கொண்டுவந்து, இதுதான் உங்க ஆளுன்னு போர்டுக்கு மறுபடி சொல்லணும். கையில இருக்கிறது ஏறும். இல்லாதது ஏறாது."

"அப்ப மொத்தத்தையும் அழி."

"சரி" என்று மெக்கானிக் குனிந்தார். விரல் பட்டனுக்குப் போனது.

"இரு" என்றான் தம்பி. "மணி என்ன?"

"அஞ்சே முக்கால்."

"ஆறு பத்து வரைக்கும் பொறு. இன்னிக்கும் தொறக்குதான்னு பாப்போம். எங்கேருந்து அமுக்குறாங்கன்னு தெரியணும்ல."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அழிச்சிட்டா அதுக்கப்புறம் எங்கேருந்து அமுக்கினா என்னங்க?"

"பொறுன்னா பொறு."

அவருக்குத் தேநீரும், அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த ரொட்டியில் இரண்டு துண்டும், வேகவைத்த முட்டையும் வந்தன. மருமகள் கொண்டுவந்து வைத்தாள். மகனைத் தெருமுனையில் நிற்கவைத்தார்கள். "யாராவது போனா கூப்பிடாதே. பாத்துட்டு வந்து சொல்லு" என்றான் தம்பி.

"பாத்தா பேசாம இருக்கணுமாப்பா?"

"உன்னைப் பேசச் சொன்னேனா?"

"இல்ல, தங்கச்சியா இருந்தா…"

"எவளா இருந்தாலும்."

மகன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். தம்பி ஜன்னலோர நாற்காலிக்குப் போனான். நான் அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். கணக்கு நோட்டு தலைகீழாக இருந்தது. அதைச் சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"நேத்து வரல" என்றான், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"யாரு?"

"கேட்டு. நேத்து தொறக்கல." கொஞ்சம் கழித்து, "நேத்து மழை. அதனாலதான் இருக்கும்" என்றான்.

பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது, நேற்று மழை என்பதால் தம்பி மனைவி அச்சுகளைச் சமையலறை மேடையில் வைத்து நின்றுகொண்டே எண்ணெய் தடவினாள் என்று. மற்ற நாளில் அவள் அந்த வேலையைக் கொட்டகை வாசலில் ஒரு சாண் உயர முக்காலியில் குந்தி உட்கார்ந்துதான் செய்வாள். இரவு ரொட்டிக்கு நூற்றிருபது அச்சுகள். ஆறு மணிக்குமேல் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் உட்காரமுடியும்.

ஆறு ஒன்பது. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரிமோட் எங்காவது வேலை செய்தால் அதில் பச்சைக் கோடுகள் ஏறுமாம். பக்கத்தில் என்றால் நான்கு, தொலைவென்றால் ஒன்று.

தம்பி மனைவி முக்காலியை இழுத்துப்போட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மோட்டார் உறுமியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கேட் நகர ஆரம்பித்தது.

தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். "வந்துட்டா" என்றான். அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. பதினோரு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

தெருமுனையிலிருந்து மகன் ஓடிவந்தான். "யாருமே இல்லப்பா! ஒரு ஈ காக்கா இல்ல! தையக்காரர் மட்டும்தான் வாயைப் பொளந்துட்டு நிக்குறாரு!"

மெக்கானிக் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு கோடு. அதை ஏந்திக்கொண்டு கேட் பக்கம் போனார், திரும்பிக் கொட்டகைப் பக்கம் வந்தார். முக்காலிக்கு முன்னால் நின்றார்.

"அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

அவள் எழுந்தாள். கேட் மூடிக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

"இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தாள். கேட் திறந்தது.

"எழுந்திருங்க… உக்காருங்க."

கேட் மறுபடியும் ஓடியது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் வெடித்துச் சிரித்தான். "அம்மா, நீ உக்காந்தா ஊரே தொறக்குது!"

தம்பி மனைவி எண்ணெய்க் கையோடு இடுப்பைத் தடவினாள். கொசுவத்துக்குள் செருகியிருந்த ஒரு சின்னத் துணிச் சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து கறுப்பு ரிமோட் வந்தது. அதன் வளையத்தில் சின்னவள் எப்போதோ கட்டிய பச்சை நூல் இன்னும் இருந்தது.

"வேன் சாவியோட இதையும் மாவு மேஜையிலதான் வெச்சுட்டுப் போனா" என்றாள். "நான்தான் எடுத்து அலமாரியில வெச்சேன். மூணு வாரம் முன்னாடி அலமாரியச் சுத்தம் பண்றேன்னு மருமக சொன்னா. அதான் இடுப்புல…" பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கே தெரியாது மாமா. கேட்டு தொறக்கும்போதெல்லாம் நானும் அவதான் வர்றான்னு நெனச்சேன்."

மகன் சிரிப்பதை நிறுத்தினான்.

தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். மூன்று வாரமாக அந்தக் கேட் தன்னைப் பொய்யனாக்குகிறது என்று அவன் உள்ளுக்குள் கொதித்தது எனக்குத் தெரியும். இப்போது அது யாரையும் பொய்யனாக்கவில்லை. அவள் ஒருநாளும் வரவே இல்லை. தெருப்பக்கம்கூட வரவில்லை. சொன்ன சொல் முழுசாக நின்றிருந்தது. ஆனால் சொல் நின்றவனின் முகம் அப்படி இருக்காது.

"அழிச்சிடு" என்றான்.

மெக்கானிக் பட்டனை அமுக்கிப் பிடித்தார். சிவப்பு விளக்கு வேகமாகத் துடித்து அணைந்தது. அந்த நேரத்தில் அந்த வீட்டுக் கேட்டுக்கு யாரையும் தெரியாது, என் தம்பி உட்பட. பிறகு தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். போர்டுப் பட்டனை ஒருமுறை தொடுவார், விளக்கு எரியும், ரிமோட்டை இரண்டு தடவை அமுக்குவார், விளக்கு சிமிட்டி ஏற்றுக்கொள்ளும். தம்பியுடையது ஏறியது. மகனுடையது, மருமகளுடையது, வேனுடையது, என்னுடையது. தட்டின்மேல் பச்சை நூலோடு ஒன்று மிச்சம் இருந்தது.

"இது யாருதுங்க?"

மழை தொடங்கிவிட்டது. முதல் துளிகள் தகரக் கூரையில் தனித்தனியாக விழுந்தன.

"அது யாருதும் இல்ல" என்றான் தம்பி ஜன்னலுக்குள்ளிருந்து.

"யாருதும் இல்லைன்னா ஏத்தவா, வேண்டாமா? மழை வருது, மூடியப் போடணும்."

தம்பி போர்டை எட்டிப்பார்த்துக் கேட்டான். "அந்தப் போர்டுல எத்தனை ஏத்தலாம்?"

"முப்பது வரைக்கும் ஏத்தலாம்."

"அஞ்சு போனா மிச்சமெல்லாம் காலியாத்தானே கெடக்கு?"

"ஆமா."

"அப்புறம் என்ன கேள்வி? சும்மா கெடக்கிற எடம்தானே."

ஜன்னலைவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். மெக்கானிக் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். விளக்கு எரிந்தது, சிமிட்டியது. ஆறு ஏறின.

அவர் குடையை விரித்துக்கொண்டு போனபிறகு தம்பி மனைவி அந்த ரிமோட்டை என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அச்சுகளுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டாள்.

மறுநாள் எனக்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் தொளதொளத்து மாதக்கணக்காகிறது. ஊரில் கண்ணாடிக்கடை நாலைந்து உண்டு. நான் போனது சின்னவள் வேலை பார்க்கிற கடை. கண்ணாடி வில்லையைத் தேய்க்கிற இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பெரியப்பா."

"கால் ஆடுது."

என் கண்ணாடியை வாங்கித் திருகாணியைப் பார்த்தாள். சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு அவள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அதனால் கேட்க வந்ததைக் கேட்க முடிந்தது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா? முன்னாடியே வீட்டுல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் பெரியப்பா. மூணு தடவை. ரெண்டு தடவை அப்பாகிட்ட."

"மூணாவது?"

"உங்ககிட்ட. நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. எல்லாம் சரியாப் போயிடும் போன்னீங்க."

கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். நான் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் பச்சை நூலைப் பார்த்தாள்.

"அப்பா குடுக்கச் சொன்னாரா?"

"உங்கப்பன் சொன்ன சொல் சொன்னதுதான். கேட்டை அவன் தொறக்க மாட்டான்."

"அப்புறம் இது எதுக்கு?"

"பேட்டரி புதுசு" என்றேன். "வர்றேன்."

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. ஞாயிறு அடுப்புக்கு ஓய்வு. அன்றும் தம்பி ஆறு மணிக்கு நோட்டைப் பிரித்தான். நான் எங்கே போனேன் என்று அவன் கேட்கவில்லை. என் மூக்குக்கண்ணாடி ஆடாமல் இருப்பதை மட்டும் ஒருமுறை பார்த்தான். ஆறு பத்துக்கு எல்லோரும் தம்பி மனைவியைப் பார்ப்பதும், அவள் முக்காலியில் உட்காருவதும், கேட் அசையாமல் இருப்பதும் நடந்தது. அப்படி அசையாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது சிரமம். மகன் காரணமில்லாமல் மனைவிமேல் எரிந்துவிழுந்தான். ஒரு அடுப்பு ரொட்டி தீய்ந்தது. இருபது வருடத்தில் அந்த வீட்டில் ரொட்டி தீய்ந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விடாத தூறல். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். நான் தேநீரை முடித்துவிட்டேன், கிளம்பவில்லை. தம்பி மனைவி மேஜையில் நின்றுகொண்டு மாவைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தாள்.

மோட்டார் உறுமியது.

"அத்தை!" என்று மருமகள் திரும்பினாள்.

தம்பி மனைவி மாவு ஒட்டிய இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். "நானில்ல" என்றாள். "நானில்லடி."

வேனிலிருக்கிற ரிமோட்கூட இரவில் கதவுக்குப் பக்கத்து ஆணிக்கு வந்துவிடும். மகன் ஆணிகளைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது என் பையில் இருந்தது. நான் தொட்டுப்பார்த்தேன்.

கேட் சுவரோரம் போய் நின்றது. வெளியே இருட்டில் ஒரு இருசக்கர வண்டியின் விளக்கு தெரிந்தது. அது உள்ளேயும் வரவில்லை, தாண்டியும் போகவில்லை. யாரும் நகரவில்லை. கூப்பிடலாமா என்று தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நாற்பது விநாடிதான் ஞாபகத்தில் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து. பதினைந்து. மூடிவிட்டால் இன்னொருமுறை அமுக்குகிற பெண் அவள் இல்லை. எங்கள் குடும்பத்துப் பெண்.

இருபத்தைந்து இருக்கும். தம்பி எழுந்தான். குடையை எடுக்கவில்லை. தூறலில் முற்றத்தைக் கடந்து நேராகப் போய், இரண்டு தூண்களுக்கும் நடுவில், அந்த இரண்டு கறுப்புக் கண்களுக்கும் நடுவில் நின்றான். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூணின் மேலிருந்த மஞ்சள் விளக்கை அண்ணாந்து பார்த்தான். வண்டி விளக்கின் வெளிச்சம் அவன் முதுகில் விழுந்து, அவன் நிழல் அடுப்புக் கொட்டகை வாசல்வரை நீண்டு கிடந்தது.

நாற்பது ஆயிற்று. கேட் அசையவில்லை.

அவன் திறக்கவில்லை. அதை நான் யார் கேட்டாலும் சொல்வேன். திறந்தது அவள். அவன் கூப்பிடவும் இல்லை. சொன்ன சொல்லில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

"அண்ணே!" என்று அங்கிருந்தே கத்தினான். "இந்த லைட்டு ஒழுங்கா எரியுதான்னு பாக்குறேன்!"

"நல்லாப் பாரு" என்றேன். "அவசரம் ஒண்ணும் இல்ல."